ரபாத் கதவு

1969 மே 9, வெள்ளி. யஸ்த்.

பாரசீகத்துப் பந்தர் அப்பாஸில் கப்பலை விட்டு இறங்கி ஆறாம் நாள் இந்த ஊர் வந்து சேர்ந்தோம். வாயைத் திறந்தால் மண். பெருங்காயத் தரகர் ஒருவர் வீட்டில் தங்கல்.

வெளியிலிருந்து பார்த்தால் இதை வீடு என்றே சொல்ல முடியாது. மூன்று ஆள் உயரத்துக்குக் களிமண் சுவர், அதில் ஒரு கதவு, அவ்வளவுதான். ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. கதவைத் தாண்டி இரண்டு திருப்பம் திரும்பியதும் திடீரென்று முற்றம். நடுவில் தொட்டி நிறையத் தண்ணீர், நாலு மாதுளை மரம், சுற்றிலும் அறைகள். கூரைமேல் உயரமாக ஒரு கோபுரம், அது காற்றைப் பிடித்துக் கீழே இறக்குகிறது. காரைக்குடிப் பக்கம் நான் சரக்குப் போட்ட வீடுகளில் முற்றத்தில் மழை இறங்கும். இங்கே மழை இல்லை, காற்றை இறக்கிக்கொள்கிறார்கள். மூளைதான். ஆனால் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே இருப்பவனுக்கு வெளியே யார் வந்து நிற்கிறார்கள் என்று தெரியாது. முப்பது வருஷமாகக் கடையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்தே பழகிவிட்டேன்.

மொழிக்குக் கூட வந்திருப்பவர் கீழக்கரை நெய்னா மரைக்காயர். நீலப்பச்சைக் கல் வாங்க இருபது வருஷமாக இந்த நாட்டுக்கு வந்து போகிறவர். இவர்கள் பேசுகிற பார்சி மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜீப்பும் ஓட்டுவார், ஐந்து வேளை தொழுவார், வாய் மட்டும் ஓயாது.

வந்த காரியத்தை எழுதிவிடுகிறேன். சாத்தான்குளத்திலிருந்து விருதுநகருக்கு வெறுங்கையோடு வந்து, தலைச்சுமையாகப் பெருங்காயம் விற்று, இன்று சொந்த ஆலை வைத்திருக்கிறேன். ஆனாலும் பால் பெருங்காயம், அதாவது செடியின் வேரைக் கீறி எடுக்கிற பச்சைப் பிசின், பம்பாய்க்காரர்கள் கையால்தான் எனக்கு வந்து சேருகிறது. பாதி பால், பாதி கல். இந்த வருஷம் செடி கீறுகிற இடத்துக்கே போய்விடுவது என்று கிளம்பினேன். கீறுகிற ஆட்களுக்கு ஒரு தலைவன் உண்டாம். பருவத்தின் முதல் பால் எடுக்கும்போது எந்த வியாபாரி முதலில் போய் அவனோடு ரொட்டி பிய்த்துத் தின்கிறானோ, அந்த வருஷத்துச் சரக்கு முழுக்க அவனுக்கே. இரண்டாவதாகப் போகிறவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முதல் பால் இந்த ஒரு வாரத்துக்குள், நாள் முன்கூட்டித் தெரியாது.

இதே வீட்டில் எதிர் அறையில் பம்பாய் வல்லப்தாஸ் இறங்கியிருக்கிறார். அவரும் அங்கேதான் போகிறார். ராத்திரி சாப்பாட்டுக்கு ஊறுகாய் கொடுத்தார். நல்ல மனுஷர். அதுதான் தொந்தரவு.

மே 10, சனி.

ஜீப் பிடித்தாயிற்று. வல்லப்தாஸும் பிடித்துவிட்டார். அவருடையது புதிது.

மே 11, ஞாயிறு. ரபாத்.

பகல் முழுக்க ஓடியும் ஒரு மரம் பார்க்கவில்லை. நாலு மணிக்குப் பின் ஸ்பிரிங் பட்டை உடைந்தது. அங்கிருந்து மாட்டுவண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டு இந்த இடத்துக்கு வந்தோம்.

பாலைவனத்து நடுவில் ஒரு கோட்டை. பீரங்கி இல்லை, ராஜா இல்லை, வழிப்போக்கர்களுக்காக யாரோ எப்போதோ கட்டியது. ரபாத் என்கிறார்கள். நம் பேச்சில் சத்திரம். நாலு மூலையிலும் உருண்டைக் கொத்தளம், வெளிப்பக்கம் ஒரு துவாரம்கூட இல்லாத சுவர், ஒரே ஒரு வாசல். உள்ளே பெரிய முற்றம், சுற்றி இருபத்துநாலு அறை. யஸ்த் வீட்டையே யாரோ ஊதிப் பெரிதாக்கி இங்கே கொண்டுவந்து வைத்த மாதிரி. மலையடியிலிருந்து பூமிக்கடியில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். வாய்க்கால் போகிற வழி நெடுக மேலே கிணற்றுவாய்கள், ஒவ்வொன்றையும் சுற்றி மண்மேடு. வரிசையாக எறும்புப் புற்று மாதிரி தெரிகிறது.

காவல்காரர் ரஜப், ஐம்பது வயது இருக்கும். அவரும் மனைவியும்தான் இந்த இடத்தை நடத்துகிறார்கள். சூரியன் இறங்கியதும் கதவைச் சாத்தி, முழங்கை நீளச் சாவியைப் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டார். காலையில் திறப்பதற்கு ஒரு முறை உண்டு என்று மரைக்காயர் சொன்னார். தங்கினவர்கள் எல்லாரையும் வாசல் வளைவுக்குள் வரவழைத்து, ஒவ்வொருவரிடமும் ரஜப் கேட்பாராம்: உன்னுடையது எல்லாம் இருக்கிறதா? ஒவ்வொருவரும் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் சாவி சுற்றும். ஒருவன் இல்லை என்றாலும் கதவு திறக்காது, தேடிக் கண்டுபிடிக்கும் வரை. திருட்டுச் சாமான் வாசலைத் தாண்டக் கூடாது என்று பழைய காலத்து ஏற்பாடு.

“அப்ப ஒருத்தன் பொய்யா இல்லேன்னு சொன்னா?” என்று கேட்டேன்.

“இருநூறு வருஷத்துல யாரும் சொன்னதில்லையாம் அண்ணாச்சி. போற அவசரத்துல இருக்கவன் எவன் தன் கதவைத் தானே சாத்துவான்?”

வல்லப்தாஸ் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய டிரைவர் குலாம் என்கிற பலூச்சி ஆள் எங்கள் ஜீப்பைப் பார்த்ததும் கேட்காமலே கீழே நுழைந்தான். ஒல்லியான ஆள், முப்பது வயது. எங்கள் அறைக்கு வந்து சாமான் பையிலிருந்து ஸ்பானர் எடுத்துக்கொண்டு, இருட்டும்வரை மரைக்காயரோடு பட்டையைக் கழற்றினான். மீதியை மரைக்காயரே நாளைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடலாம் என்றான். அவர்கள் விடியற்காலை கிளம்புகிறார்கள். இங்கிருந்து ஒரு பகல் தூரம்.

பத்து மணி. அவர்களுக்கு ஐந்து மணி.

மே 12, திங்கள். பகல்.

இன்று காலை என் கெம்பு மோதிரம் காணவில்லை. கதவு திறக்கவில்லை.

வாசல் வளைவில் ரஜப் கேட்டார். வல்லப்தாஸ் இருக்கிறது என்றார், குலாமும் இருக்கிறது என்றான், மரைக்காயரும் அப்படியே. என் முறை வந்தபோது விரலைக் காட்டினேன். இருபது வருஷம் மோதிரம் கிடந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. எல்லாரும் அந்த வெள்ளை வளையத்தையே பார்த்தார்கள்.

ரஜப் சாவியை இடுப்பில் திரும்பச் செருகினார். தேடினோம். எல்லார் மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்தார்கள். தரம் ஒத்துப் பார்க்க நான் கொண்டுவந்திருந்த சாம்பிள் டின்னை மட்டும் திறக்க விடவில்லை. பால் பெருங்காயம் காற்றுப் பட்டால் கெட்டுப்போகும் என்று சொன்னேன். யாரும் வற்புறுத்தவும் இல்லை, அந்த நாற்றத்துக்குக் கிட்டேயே வரவில்லை.

நேற்று உன் அறைக்குள் யார் வந்தது என்று ரஜப் கேட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன். குலாம் ஸ்பானர் எடுக்க வந்தான். நடந்ததைத்தான் சொன்னேன்.

வல்லப்தாஸுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது, அவசரம் அவருக்கு. குலாமைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். வாசல் வளைவில் அவன் கையை உயர்த்திக்கொண்டு நின்றான். விலா எலும்பை எண்ணிவிடலாம். ரஜப் தோளிலிருந்து கீழே தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒளித்து வைத்திருப்பான், கதவு திறந்ததும் போலீஸில் ஒப்படைக்கிறேன் என்று வல்லப்தாஸ் சொன்னார். குலாம் யாரையும் பார்க்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு நேராக எங்கள் ஜீப்புக்குப் போய்ப் பட்டையை மாட்டி முடித்தான். பத்தரைக்கு வேலை தயார்.

பதினொன்றுக்குள் மோதிரம் கிடைத்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. படுக்கை மடிப்பில் இருக்கலாம். பத்தே முக்காலுக்குக் காற்று வந்துவிட்டது.

காற்று என்று எழுதினால் புரியாது. மேற்கே ஒரு சுவர் எழும்பி வந்தது. முற்றத்துக்கு மேல் இருந்த வானம் செங்கல் நிறமாகி, பிறகு வானமே இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கு ஏற்றியிருக்கிறோம். இந்தக் காற்றில் மோதிரம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கதவு திறக்க மாட்டேன் என்று ரஜப் சொல்லிவிட்டார். அப்புறம் அவசரப்பட்டுத் தேடி என்ன ஆகப்போகிறது? நின்ற பிறகு தேடிக்கொள்ளலாம்.

மரைக்காயர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.

மே 12, மாலை.

சுவரில் மண் வந்து அறைகிற சத்தம். நூறு பேர் வெளியே நின்று அரிசி புடைக்கிற மாதிரி. பல்லுக்குள் மண், கண்ணுக்குள் மண். ஜன்னல் இல்லாத சுவர் எதற்கு என்று இன்று புரிந்தது. இருந்தும் மூச்சு முட்டுகிறது. ரஜப் மனைவி ரொட்டி கொடுத்துக்கொண்டே போனாள். குலாமுக்கு வைத்த ரொட்டி வைத்த இடத்திலேயே இருக்கிறது.

மே 13, செவ்வாய். காலை.

குலாமைக் காணோம்.

கூரைக்குப் போகிற படிக்கட்டுக் கதவு திறந்து கிடந்தது. வடக்குச் சுவருக்கு வெளியே மண் குவிந்து பாதி உயரம் ஏறியிருக்கிறது, அதில் குதித்திருக்கிறான். வல்லப்தாஸ் படுக்கை ஓரம் ஜீப் சாவியை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

திருடன் ஓடிவிட்டான், பார்த்தீர்களா என்றார் வல்லப்தாஸ். ரஜப் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தார். திருடன் ஜீப்பையே வைத்துக்கொள்வான், சாவியைத் திருப்பி வைக்க மாட்டான் என்று மட்டும் சொன்னார். திருட்டுப் பட்டம் வந்த டிரைவருக்கு இந்தச் சாலையில் மறுபடி யாரும் வண்டி தர மாட்டார்களாம். இந்த வாய்க்காலை விட்டால் அடுத்த தண்ணீர் ஒன்பது மணி நேர நடை. அதுவும் காற்று இல்லாத நாளில்.



மே 13, பகல்.

கூரையில் ஒரு பெரிய தாமிரக் கொப்பரை கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்தேன். எதற்கு என்று மரைக்காயரை விசாரிக்கச் சொன்னேன். காற்று நேரத்தில் விருந்தாளி வெளியே மாட்டிக்கொண்டால் அவன் வந்து சேரும் வரை அதை அடிப்பார்களாம். கண் தெரியாவிட்டாலும் காது வழி காட்டும். ரஜப்பின் அப்பா ஒரு தடவை இரண்டு நாள் விடாமல் அடித்தாராம்.

இன்று யாரும் அடிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு ரஜப் பதில் சொன்னார்: வாசல் வழியாகப் போனவன் என் விருந்தாளி. திருடிவிட்டுச் சுவர் ஏறிக் குதித்தவனுக்கு நான் கடமைப்பட்டவன் இல்லை.

நான் அறைக்கு வந்துவிட்டேன். காற்றுச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தத்தைக் காது தேடிக்கொண்டே இருக்கிறது.

மே 13, மாலை.

எழுதிவிடுகிறேன். இனி மறைத்து என்ன.

மத்தியானம் வல்லப்தாஸுக்கு வயிறு உப்பி மூச்சுத் திணறல். ரஜப் மனைவி வெந்நீரில் கரைக்கப் பெருங்காயம் கேட்டாள். ஊரிலே நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறதுதான். மரைக்காயர் எழுந்து என் டின்னை எடுத்தார். வேண்டாம், கடையில் வாங்கின கட்டி இருக்கிறது, அதைத் தருகிறேன் என்றேன். என் கை அவர் கைக்கு ஒரு நொடி பின்னால் போனது. மூடியைத் திறந்துவிட்டார். இரண்டு நாள் உஷ்ணத்தில் பால் இளகிக் களியாகக் கிடந்தது. கரண்டிக் காம்பை விட்டுக் கிண்டினார். காம்பில் என் மோதிரம் மாட்டிக்கொண்டு வந்தது.

கல் வியாபாரி. கல்லைப் பார்த்ததும் கண் தானாகச் சுருங்குகிறது அவருக்கு. மோதிரத்தை மறுபடி உள்ளே அமுக்கினார். வேண்டிய அளவு பெருங்காயத்தை எடுத்துக்கொண்டு போய்க் கரைத்துக் கொடுத்தார். வல்லப்தாஸுக்கு ஏப்பம் வந்ததும் மூச்சு சீராயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

திங்கட்கிழமை எழுதியது பொய். மோதிரம் காணாமல் போகவில்லை. விடியற்காலை நானே கழற்றிப் பாலுக்குள் அமுக்கினேன். ஆறு மணி நேரம் கதவு மூடியிருந்தால் போதும் என்பது என் கணக்கு. ஆலையில் பம்பாய்ச் சரக்கில் கல்லைத் தேடி எடுத்து எடுத்து, பாலுக்குள் எதை வைத்தாலும் வெளியே தெரியாது என்று எனக்குத் தெரியும். பால் இளகும் என்பதும் தெரியும். பதினொரு மணிக்குமேல் அது டின்னில் இருக்காது என்று நினைத்ததால் அதை யோசிக்கவில்லை.

சாயங்கால அசர் தொழுதுவிட்டு வந்து மரைக்காயர் என் எதிரில் உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, சொல்லிருங்க.”

“சொல்லுதேன். படுக்கையில கெடந்து கெடைச்சுதுன்னு சொல்லும்.”

“நான் சொல்ல மாட்டேன்.”

“நீரு எனக்கு மொழி பேச வந்தவரு, மரைக்காயரே. நான் சொல்லுததச் சொல்லணும்.”

“சொல்றேன். உண்மையைச் சொன்னீங்கன்னா. இருபது வருஷமா இந்த மக்கள்ட்ட கல்லு வாங்குறேன், விக்கிறேன். கண்ணாடியைக் கல்லுன்னு ஒரு நாளும் கொடுத்ததில்ல. உங்க வாயில இருந்து கண்ணாடி வந்தா என் வாய் தொறக்காது.”

“படுக்கையில கெடச்சுதுன்னு சொன்னாலும் அவன் திருடல்லன்னு ஆயிரும்லா? ரெண்டும் ஒண்ணுதான?”

“ஒண்ணுல்ல. படுக்கையில கெடைச்சுதுன்னா, அந்தாளு அவசரப்பட்டு ஓடினான், அவன் தலையெழுத்துன்னு ரஜப்பு உக்காந்துருவாரு. உண்மையைச் சொன்னாத்தான் கதவு தொறப்பாரு.”

“தொறந்து என்னைய வெளிய தள்ளிட்டார்னா?”

 மரைக்காயர் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன்.

“தள்ளலாம்” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரஜப் சொன்னால் இந்தச் சாலையில் எந்த ரபாத்தும் எனக்குத் திறக்காது. வல்லப்தாஸ் பம்பாயில் சொன்னால் என் பெயர் சரக்கோடு சேர்ந்து நாறும். இதெல்லாம் எனக்குத் தெரிந்த பயம், இதோடு பழக்கம் உண்டு. தெரியாத பயம் வேறே இருக்கிறது. வெளியே மண் அறைகிறது. ஒரு ஆள் அதில் எத்தனை மணி நேரம் தாங்குவான் என்று யாரிடமும் கேட்க முடியவில்லை.

மே 14, புதன். காலை.

சொல்லிவிட்டேன்.

ரஜப் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். வல்லப்தாஸ் எழுந்திருக்கவில்லை, அதுவரை நல்லது என்று நினைத்ததையும் எழுதுகிறேன். டின்னைத் திறந்து காட்டினேன். நான் தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல, மரைக்காயர் பார்சியில் ஒரு வாக்கியம் சொல்ல, அப்படியே போயிற்று. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் காத்திருக்க வேண்டியிருந்தது. நான் எதிர்பார்த்தது அடி. ரஜப் அடிக்கவில்லை. டின்னை மூடி வைத்துவிட்டு ஒன்று சொன்னார். மரைக்காயர் அதை உடனே தமிழில் சொல்லவில்லை.

“என்னவே சொல்லுதாரு?”

“அப்படின்னா அவன் சொவரு ஏறிக் குதிக்கல, நீ தள்ளிவிட்டிருக்கேங்கறாரு.”

ரஜப் கூரைக்கு ஏறினார். சற்று நேரத்தில் கொப்பரை அதிர ஆரம்பித்தது.

அவர் கீழே வந்து ஒரு நீளக் கயிற்றை எடுத்தார். ஒரு முனை அவர் இடுப்பில். மறுமுனையை என்னிடம் நீட்டினார். மரைக்காயர் நானும் வருகிறேன் என்றதற்கு, நீ கொப்பரையை அடி, கதவைச் சாத்தினவன் வரட்டும் என்றார். இதை எழுதும்போது அவர் தண்ணீர்த் தோல்பையை நிரப்பிக்கொண்டிருக்கிறார். நான் திரும்பி வரவில்லை என்றால், இந்த நோட்டை மரைக்காயர் விருதுநகரில் என் மூத்த மகன் பொன்னுலிங்கத்திடம் கொடுக்கவும். டின்னைக் கொடுக்க வேண்டாம்.

மே 15, வியாழன்.

உயிரோடு இருக்கிறேன். நேற்று கை எழுத வரவில்லை.

வாசலைத் தாண்டிப் பத்தடியில் கோட்டை மறைந்துவிட்டது. முகத்தில் துணி சுற்றியிருந்தும் மூச்சு விடப் பயம். கண் திறக்க முடியாது, கயிறு இழுக்கிற பக்கம் போகவேண்டியதுதான். பின்னால் கொப்பரைச் சத்தம் இருந்ததால் எது பின்னால் என்று தெரிந்தது. ஒரு இடத்தில் காற்று அதையும் தின்றுவிட்டது. அப்போது நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

ரஜப் கிணற்று மேடுகளைத் தடவித் தடவிப் போனார். ஒவ்வொரு மேட்டிலும் படுத்துக் கிணற்றுவாய்க்குள் தலையை விட்டுக் கூப்பிட்டார். இந்தப் பக்கத்து மனுஷன் காற்றில் மாட்டினால் கிணற்றுக்குள்தான் இறங்குவான் என்று அவருக்குத் தெரியும். ஒன்று, இரண்டு, ஐந்து. ஏழாவது மேட்டில் குலாமின் தலைத்துணி சிக்கியிருந்தது. கிணற்றுக்குள் பதில் இல்லை. திரும்பிவிடலாம் என்று நான் கயிற்றை இழுத்தேன். ரஜப் திருப்பி இழுத்தார். அவர் பலம் அதிகம்.

ஒன்பதாவதில் இருந்தான். ஆள் உயரத்துக்குக் கீழே கால் வைக்க வெட்டியிருந்த குழியில் மடங்கிக் கிடந்தான். இடது கால் உடைந்திருந்தது. கண் இரண்டும் வீங்கி மண் அப்பிப் போயிருந்தது. தூக்கும்போது அவன் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. யாரைப் பிடிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

கோட்டைக்கு எப்படி வந்தோம் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. கொப்பரைச் சத்தத்தைப் பார்த்து வந்தோம். மரைக்காயர் உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை.

ரஜப் மனைவி குலாமின் கண்ணைக் கழுவி, ஏதோ இலைச்சாறு விட்டு, துணி வைத்துக் கட்டிவிட்டாள். பார்வை வருமா என்று கேட்டதற்குக் கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியும் என்றாளாம். காலுக்கு மரச்சட்டம் கட்டியிருக்கிறது. இன்று மத்தியானம் நினைவு வந்து வாய் திறந்தான். மரைக்காயர் குனிந்து கேட்டார்.

“மோதிரம் கெடச்சுதான்னு கேக்குறான் அண்ணாச்சி.”

“நீரு என்ன சொன்னீரு?”

“நான் ஒண்ணும் சொல்லல. கேட்டது உங்க மோதிரத்தை.”

கிடைத்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன். அது பொய் இல்லை. மரைக்காயர் சொன்னார். குலாம் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். எங்கே கிடைத்தது என்று அவன் கேட்கவில்லை. வல்லப்தாஸ் கேட்டார். படுக்கையில் என்றேன். மரைக்காயர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் காற்று நின்றது.

மே 16, வெள்ளி.

விடியும்போது வானம் கழுவிவைத்த மாதிரி இருந்தது. வல்லப்தாஸ் மூட்டை கட்டி, ஜீப்பை உறுமவிட்டுத் தயாராக நின்றார், தானே ஓட்டிப் போவதாக ஏற்பாடு. எங்கள் ஜீப்பும் தயார். முதல் பால் இன்றோ நாளையோ. ஓட்டத்தில் இரண்டு பேரும் சமம். எனக்கு உடம்பில் வேகம் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

வாசல் வளைவில் கூடினோம். குலாமைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வரச் சொன்னார் ரஜப். கதவு திறக்க எல்லாரும் இருக்க வேண்டும், இவனும் தங்கினவன்தானே என்றார்.

வல்லப்தாஸ் இருக்கிறது என்றார். மரைக்காயர் இருக்கிறது என்றார். நான் மோதிர விரலை உயர்த்தி இருக்கிறது என்றேன். குரல் நன்றாகவே வந்தது. கடைசியில் ரஜப் கட்டில் பக்கம் குனிந்து குலாமிடம் கேட்டார்.

குலாம் இல்லை என்றான்.

அந்த ஒரு சொல் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ரஜப் என்ன இல்லை என்று கேட்கவும் இல்லை. சாவியை இடுப்பில் செருகி, கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டார். வல்லப்தாஸ் கெஞ்சினார், கத்தினார், சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். என்ன தொலைந்தது, நான் வாங்கித் தருகிறேன் என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது. சட்டையைக் கழற்றினேன். பனியனைக் கழற்றினேன். திங்கட்கிழமை அவன் நின்ற அதே கல்லில், அதே மாதிரி கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். ஐம்பத்திரண்டு வயதுத் தொப்பையில் காலைக் குளிர் அடித்தது. இதற்குமேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன். குலாம் அசையவில்லை.

மரைக்காயர் என் காதருகே வந்தார். “அண்ணாச்சி, அவன் கண்ணுல கட்டு போட்டுருக்கு. நீங்க நிக்கிறது அவனுக்குத் தெரியாது. வாயால சொல்லணும்.”

சொன்னேன். கையை இறக்காமலே சொன்னேன். இந்தத் தடவை வல்லப்தாஸ் கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கும் பார்சி புரியும். மோதிரத்தை நானே கழற்றினேன், பாலுக்குள் நானே அமுக்கினேன். நீ என் வண்டியைச் சரிசெய்ய வந்தாய், அந்த உதவியையே உன்மேல் குற்றமாகச் சாட்டினேன். இவர் முந்திப் போய்விடக் கூடாது என்று செய்தேன். படுக்கையில் கிடைத்தது என்று நேற்று சொன்னதும் பொய். மரைக்காயர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். ஒன்றையும் மெதுவாக்கவில்லை. வல்லப்தாஸ் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். அவர் ஜீப்பை அணைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

குலாம் கையை நீட்டினான். கிட்டே வரச் சொல்கிறான் என்றார் மரைக்காயர். கட்டிலருகே குனிந்தேன். அவன் கை என் தோளில் பட்டது. அங்கிருந்து மெல்லக் கீழே இறங்கி அக்குள், விலா, இடுப்பு என்று தடவியது. ரஜப் அவனைச் சோதித்தபடியே சோதித்தான். அவசரமில்லாமல். விரலுக்கு வந்தபோது மோதிரக் கல்லைத் தொட்டுப் பார்த்தான். விட்டுவிட்டான். அவன் விரலில் என் பெருங்காய வாசனை ஒட்டியிருக்கும்.

ரஜப் மறுபடி கேட்டார்.

குலாம் பேசினான். மரைக்காயர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நாளைக்குச் சொல்றேங்கறான்.”

என் கடை வாசலில் எத்தனை பேருக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேன். நாளைக்கு வா. கேட்டுக்கொண்டு போனவர்கள் எங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

சட்டை இன்னும் மடியில்தான் இருக்கிறது. சூரியன் இறங்குகிறது. ரஜப் மனைவி எல்லாருக்கும் ரொட்டி கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள். குலாம் இன்று முழு ரொட்டி சாப்பிட்டான்.

மே 17, சனி.

காலையில் ரஜப் மறுபடி கேட்டார். குலாம், நாளைக்கு என்றான்.